ரிவால்வர் பேரல்ல ட்விஸ்ட் (உள்பள்ளத்தோட முறுக்கு) கூடுனா குண்டு இன்னும் நேரா போகுமா?

அப்படி இல்லீங்க, தேவையான சுத்து கிடைச்சா போதும், அதுக்கு மேல கூட்டறதுல பெருசா லாபம் இல்ல.

பேரலுக்குள்ள சுருளா ஓடி, குண்டு புரளாம போக அத சுத்தவைக்கற பள்ளம்தான் ரைஃப்ளிங். நம்ம கோயம்புத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் லேத்துல த்ரெட் வெட்டறவங்களுக்கு உடனே புரியும், த்ரெட்டுக்கு பிட்ச் எப்படியோ இதுக்கு ட்விஸ்ட் அப்படி, குண்டு எத்தன இன்ச் நகர்றதுக்குள்ள ஒரு முழு சுத்து சுத்துதுங்கற கணக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 357 மேக்னம் ரிவால்வர்ல 18.75 இன்ச்சுக்கு ஒரு சுத்து, கோல்ட் பைத்தான்ல 14 இன்ச், அதுவும் இடப்பக்கமா.

எவ்வளவு சுத்து வேணுங்கறத முக்கியமா குண்டோட நீளம்தான் முடிவு பண்ணுது, நெறைய பேரு வெயிட்டுன்னு நெனச்சுக்கறாங்க. 1879ல கிரீன்ஹில்ங்கற ஆங்கிலேயக் கணித அறிஞர் குடுத்த கணக்கு இன்னைக்கும் தோராயத்துக்கு நல்லாவே உதவுது: விட்டத்தோட வர்க்கத்த 150ஆல பெருக்கி நீளத்தால வகுக்கணும். விட்டம் 0.357 இன்ச், நீளம் 0.7 இன்ச்னு வெச்சா சுமாரா 27 இன்ச்சுக்கு ஒரு சுத்து போதும்னு வருது, அப்ப 18.75 இன்ச்சுக்கே ஒரு சுத்துங்கறது தாராளம். நொடிக்கு 800 அடி வேகத்துல கெளம்புனா அந்தக் குண்டு நிமிஷத்துக்கு 30,000 சுத்துக்கு மேல சுத்துதுங்க!

ரேஞ்ச்ல டார்கெட் பேப்பர பக்கத்துல போயி பாருங்க, ஓட்டை வட்டமா இருந்தா குண்டு நேரா வந்திருக்கு, நீட்டமா கிழிஞ்சிருந்தா புரண்டு வந்திருக்கு. ரிவால்வர்ல அப்படி ஆச்சுன்னா உடனே ட்விஸ்ட்ட கொற சொல்லாதீங்க, குண்டு விட்டம் பேரலுக்குச் சின்னதா, பள்ளத்துல ஈயம் அடைச்சிருக்கா, பேரல் வாய் விளிம்பு அடிபட்டிருக்கான்னு நல்ல ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்து பாக்கச் சொல்லுங்க.