வாசகர் கேள்வி – பதில்: தன்னார்வ அமைப்பைக் கட்டிக் காப்பது

சம்பளம் வாங்காமல் ஊருக்காக உழைக்கும் சிறிய அமைப்புகளை நடத்திவரும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

*கேள்வி: அரசுப் பள்ளி மாணவர்களுக்காக எங்கள் தெருவில் மாலை நேரப் பயிற்சி மையம் நடத்துகிறோம். தொடங்கியபோது பதினைந்து பேர் ஆர்வத்தோடு வந்தார்கள். இப்போது நானும் இன்னும் இருவரும்தான் மிஞ்சியிருக்கிறோம். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் சொல்வதோடு சரி. எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. அவர்களை எப்படித் திரும்ப வரவழைப்பது?*
– ஒரு வாசகி, மன்னார்குடி

வராமல் போனவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வந்தவர்களுக்கு 'இது உங்கள் வேலை' என்று சொல்லக்கூடிய ஒன்று கொடுக்கப்பட்டதா என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். 'முடிந்தபோது வாருங்கள்' என்ற அழைப்பு அன்பானதுதான். ஆனால் தான் வராவிட்டாலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தை அதுவே உண்டாக்கிவிடுகிறது. ஒருவர் இரண்டு வாரம் வராமல் இருந்தும் யாரும் விசாரிக்கவில்லை என்றால், மூன்றாவது வாரம் வருவதற்கு அவருக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு வாரம் முழுவதும் நீங்கள் செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். கதவைத் திறப்பது, வருகைப் பதிவு எடுப்பது, ஜெராக்ஸ் எடுத்து வருவது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்வது, மின் கட்டணம் கட்டுவது, வினாத்தாள் தயாரிப்பது, நன்கொடை தந்தவருக்கு நன்றி சொல்வது என்று பட்டியல் நீளும். அதில் நீங்களே செய்தாக வேண்டியவை மூன்றோ நான்கோதான் இருக்கும். மற்றவற்றை நாள், நேரம், முடிவுத் தேதி ஆகிய மூன்றையும் குறித்துப் பிரித்துக் கொடுங்கள். 'செவ்வாய்க்கிழமைதோறும் மாலை 6 மணி முதல் 7.30 வரை எட்டாம் வகுப்புக் கணக்கு. அரையாண்டுத் தேர்வு வரை' என்று கேட்டால், கேட்கப்பட்டவரால் முடியும் அல்லது முடியாது என்று தெளிவாகப் பதில் சொல்ல முடியும். முடிவுத் தேதியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நுழைந்தால் வெளியே வர முடியாதோ என்ற தயக்கமே வேலைக்குப் போகிறவர்களையும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களையும் விலகி நிற்கச் செய்கிறது.

சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். ஆண்டின் முதல் மாதங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இரவில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைக் கண்டுபிடித்து, பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். கல்லூரி முடிந்ததும் மாணவர்கள் வெளியூர் போய்விடுவார்கள் என்பது தெரிந்தே நடக்கும் பணி இது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. வேலைக்கு ஒரு பருவம் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. மேலும் பழகியவர்களோடு சேர்ந்து நடந்துதான் புதியவர்கள் கற்கிறார்கள். உங்கள் மையத்திலும் புதிதாக வருபவரை முதல் நாளே ஒரு வகுப்பில் தனியாக நிறுத்தாமல், சில நாட்கள் ஒருவரோடு சேர்ந்து உட்கார வையுங்கள்.

மேசையின் மேல் ஒரு நீள நோட்டு இருக்கட்டும். தேதி, வகுப்பு, வந்த பிள்ளைகள், நடத்திய பாடம், அடுத்து வருபவருக்குச் சொல்ல வேண்டியது என்று ஐந்து கட்டங்கள் போதும். 'பின்னங்களைக் கூட்டும்போது பகுதியையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள். மறுபடி செய்யவும்' என்று செவ்வாய்க்கிழமைக்காரர் எழுதி வைத்திருந்தால், வியாழக்கிழமைக்காரர் உங்களுக்குப் போன் செய்யாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்.

விலகிப் போனவர்களைக் குழுவில் பொதுவாக அழைக்காமல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். இப்போதைய சூழ்நிலையில் எது முடியும் என்று கேளுங்கள். மாலையில் வர முடியாத வங்கி ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரக்கூடும். கொடுத்த வேலையை அவரவர் முறையில் செய்ய விடுவதும் முக்கியம். ஒருவர் சிரமப்பட்டுத் தயாரித்த வினாத்தாளை அன்றிரவே நீங்கள் திருத்தி எழுதினால், அவர் அடுத்த முறை வரமாட்டார். கல்லூரி மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தையும் ஜெராக்ஸ் செலவையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கைக்காசு கரைவதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள்.

*கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மரம் நடுவது, ஏரியில் சீமைக் கருவேலம் அகற்றுவது போன்ற பணிகளைச் செய்கிறோம். பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். சங்கமாகப் பதிவதா, அறக்கட்டளையாகப் பதிவதா?*
– ஒரு வாசகர், தருமபுரி

சங்கமாகப் பதியுங்கள் என்பதே என் கருத்து. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் வாக்களித்துச் செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்தால் போதும், பிறகு தேர்தல் தொல்லை இல்லை என்பதால் பலரும் அதையே நாடுகிறார்கள். ஆனால் அங்கே முடிவெடுக்கும் உரிமை பத்திரத்தில் பெயர் உள்ள அறங்காவலர்களிடமே தங்கிவிடும். வெயிலில் குழி தோண்டுகிறவருக்கு அமைப்பின் போக்கைப் பற்றிக் கேள்வி கேட்க உரிமை இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், சங்கத்தின் கூடுதல் எழுத்து வேலை உங்களுக்குச் சுமையாகத் தோன்றாது.

பதிவு கிடைத்துவிட்டது என்பதற்காக ஏரியில் இயந்திரத்தை இறக்கிவிடாதீர்கள். அந்த நீர்நிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அந்த நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்.

*கேள்வி: எங்கள் அமைப்புக்கு வரும் நன்கொடை முழுவதும் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கே வருகிறது. அவர் நேர்மையானவர், இதுவரை ஒரு குறையும் இல்லை. இதை மாற்ற வேண்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவரும் பணம் அனுப்ப விரும்புகிறார்.*
– ஒரு வாசகர், திருப்பூர்

இந்த மாதமே மாற்றுங்கள். அவர் நேர்மையானவர் என்பதாலேயே அவரைப் பாதுகாக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. சொந்தக் கணக்கில் வந்த பணத்துக்கு நாளை வருமான வரித் துறை விளக்கம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவரே. அமைப்பின் பெயரில் பான் எண் வாங்கி, மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டுடன் வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். ஜிபே, போன்பே அட்டையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். நூறு ரூபாய் தந்தவருக்கும் வரிசை எண் இட்ட ரசீது போகட்டும். மாத முடிவில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்; கணக்கைப் பார்த்தவர்களே அடுத்த ஆண்டு நிதி திரட்டும் பொறுப்பை ஏற்க முன்வருவார்கள்.

நன்கொடையாளர்களுக்கு வரிவிலக்கு கிடைக்க வேண்டுமானால் வருமான வரித் துறையில் தனியே பதிவு பெற வேண்டும். அமைப்பின் வருமானத்துக்கு விலக்குத் தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு விலக்குத் தரும் 80ஜி என்று நாம் பழகியிருக்கும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே படிவங்களை நிரப்பும்முன் ஆடிட்டர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். 80ஜி விதியில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு விலக்கு கிடையாது என்பதைப் பலர் அறியாமல், கோயில் திருவிழா வசூலைப் போலப் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

உங்கள் உறவினர் இன்னும் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், பிறந்த ஊர் திருப்பூராகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அவரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. இங்குள்ள யாருடைய கணக்குக்காவது அனுப்பி அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பணமாகத் தர முடியாதவர், விடுமுறையில் ஊருக்கு வரும்போது தம் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

*கேள்வி: நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு மையத்தை நான்கு ஆண்டுகளாக ஒன்பது தன்னார்வலர்களோடு நடத்துகிறோம். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, ஒரே ஆண்டில் மேலும் ஐந்து கிராமங்களில் மையம் திறக்கப் பணம் தருவதாகச் சொல்கிறது. இந்த வாய்ப்பை விட மனம் வரவில்லை, பயமாகவும் இருக்கிறது.*
– ஒரு வாசகி, விருதுநகர்

உங்கள் பயம் நியாயமானது, அதைக் கேளுங்கள். ஐந்து கிராமங்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தினமும் மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கப் போகிற ஆளின் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியாத ஊரில் மையம் திறக்க வேண்டாம். நிறுவனத்தின் பணம் பாய், விளக்கு, புத்தகம், வாடகை எல்லாவற்றையும் தரும். அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அக்காவை அதனால் தர முடியாது. ஒன்பது பேரை ஆறு இடங்களுக்குப் பிரித்தால், இப்போது நன்றாக நடக்கும் மையமும் தளர்ந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். அரசும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்திய அந்தப் பேரியக்கத்தில் எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் சேர்ந்து பரவியது. அத்தனை ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததற்கு, பாடம் சொல்லித் தந்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரின் இளைஞர்களாகவும் பெண்களாகவும் இருந்ததே பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஆகவே நிறுவனத்திடம் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொண்டுபோங்கள். முதல் ஆண்டில் ஒரு கிராமம். அங்கே உள்ளூர்ப் பட்டதாரிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் மையத்தில் மூன்று மாதம் உடன் உட்கார வைத்துப் பழக்குவது. முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்குச் சம்பளம். சம்பளம் வாங்குகிறவர் வந்ததும் 'இனி அவரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று மற்றவர்கள் ஒதுங்கும் ஆபத்து உண்டு. அதனால் அவர் பாடம் நடத்த வந்தவர் அல்லர், தன்னார்வலர்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்க வந்தவர் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த நிதியைப் பெற, வருமான வரிப் பதிவுகளோடு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அத்தகைய பணிகளில் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். நிதி எத்தனை ஆண்டுக்கு, அது நின்ற பிறகு வாடகையை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதில் எந்தச் சமரசமும் கூடாது. உங்கள் கண்ணுக்கெட்டாத இடத்தில் மையம் திறக்கும்போது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும். எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். யாரும் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துச் செல்லக்கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம் என்பதைத் தன்னார்வலர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அமைப்பின் பெயர் கெட்டுவிடுமே என்று மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம், சட்டப்படி குற்றமும்கூட.

*கேள்வி: எங்கள் ரத்ததான அமைப்பை இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஐயாவே இன்றும் தலைவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கொடையாளர் விவரம் எல்லாம் அவருடைய செல்போனில்தான் இருக்கிறது. அவருக்கு உடல்நிலை சரியில்லாத வாரத்தில் அவசர அழைப்புகளுக்கு எங்களால் ஆள் அனுப்ப முடியவில்லை. இளையவனான நான் இதை எப்படிப் பேசுவது?*
– ஒரு வாசகர், திருநெல்வேலி

தம்பி, பதவியைப் பற்றிய பேச்சை இப்போது எடுக்காதீர்கள். கூட்டத்தில் நாலு பேர் நடுவே எதையும் கேட்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், 'ஐயா, உங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று கேளுங்கள். 'ஓ நெகட்டிவ், பேட்டை, இரவிலும் வருவார்' என்று அவர் பதிந்து வைத்திருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அவர் சம்பாதித்த பழக்கம் இருக்கிறது. யாரை நள்ளிரவில் எழுப்பலாம், யாருக்கு மனைவி வழியாகச் சொல்ல வேண்டும், எந்த ரத்த வங்கியில் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் உள்ளவை. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கடைசியாக ரத்தம் கொடுத்த தேதிக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும்தான் கொடுக்கலாம் என்பதால், அது இல்லாத பட்டியல் அவசரத்துக்கு உதவாது. கொடையாளர்களிடம் ஒப்புதல் கேட்டபின், பட்டியல் பொறுப்பாளர்கள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். குழுக்களில் பகிர வேண்டாம்.

அடுத்தபடியாக, அவசர அழைப்புகளை வாரத்துக்கு ஒருவர் என்ற முறையில் ஏற்க அவரிடம் அனுமதி கேளுங்கள். தெரியாததை அவரிடம் கேட்டுக்கொண்டே சில மாதங்கள் நடத்தினால், தாம் இல்லாத நாளிலும் நோயாளிக்கு ரத்தம் கிடைக்கிறது என்பதை அவரே காண்பார். தலைவர் பொறுப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எளிதாகும். அவரே தொடங்கவும் கூடும். அப்போதும் தொடங்காவிட்டால், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருப்பதில்லை என்ற துணைவிதியை, அடுத்து வரப்போகும் எல்லாத் தலைவர்களுக்கும் பொதுவானதாக, பொதுக்குழுவில் முன்மொழியுங்கள். முன்மொழியப்போவதை முந்தைய வாரமே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பொறுப்பிலிருந்து விலகிய பின் அவருக்குக் 'கௌரவ' என்று தொடங்கும் வெறும் பட்டம் தராமல், புதிய கொடையாளர்களுக்கான முதல் நாள் வகுப்பை நடத்தும் பணியை ஒப்படையுங்கள். ஊசிக்குப் பயந்து தயங்கி நிற்கும் கல்லூரி மாணவரிடம் அவரைப் போலப் பேச உங்கள் அமைப்பில் இப்போதைக்கு வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.