ஹஸ்கியா, கோம்பையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செங்கோட்டையை அடுத்து மலையடிவாரத்தில் உள்ள புளியரையில் தனி வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் மாமனாரும் மாமியாரும்தான். இருவருக்கும் எழுபது தாண்டியாயிற்று. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஹஸ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஏ.சி. அறையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம் அது. ஏ.சி. குளிர்ச்சி தரும், ஓட்டம் தராது. ஓட வழியில்லாத ஹஸ்கி கதவைப் பிறாண்டும், சோபாவைக் கிழிக்கும், ஊளையிடும்.

உங்கள் ஊரில் வெயிலைவிட ஈரம்தான் பெரிய சிக்கல். நமக்குப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது வாயிலுள்ள ஈரம் ஆவியாகித்தான் அதன் சூடு தணிகிறது. காற்றே நனைந்து கிடக்கும் சாரல் நாளில் அது சரியாக நடக்காது. ஹஸ்கிக்கு முடி வேறு இரண்டடுக்கு. நனைந்த அடிமுடி லேசில் காயாது. அதற்கடியில் தோல் வெந்து புண்ணாகும். மொட்டை அடித்துவிட்டால் என்ன என்று மகன் அடுத்துக் கேட்பான். அடிக்கக் கூடாது. வெயில் நேரே தோலில் படும், முடியும் பழையபடி முளைக்காமல் போகலாம்.

அப்படியானால் லேப்ரடார் என்பார்கள். குணம் தங்கம்தான். ஆனால் ஒரு வயதில் 25 முதல் 35 கிலோ வந்துவிடும். வாசலில் பூனையைக் கண்டு அது ஒரு இழுப்பு இழுத்தால் மாமனார் கீழே கிடப்பார். பகலில் வீட்டில் இருப்பவர்தான் நாயை வளர்க்கப் போகிறவர். மகனுக்குப் பொதுத்தேர்வு நெருங்கினால் காலை நடையும் அவர்கள் தலையில்தான். குட்டியாக வாங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரமே அதிகம். நாலு மாதம்வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேறு.

உங்கள் வீட்டுக்கு எங்கள் யோசனை, ஒரு வயது தாண்டிய, சாதுவான நாட்டு நாய். குணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, உருவமும் இனி மாறாது, முடி குட்டை. மகன் முகம் சுளிப்பான். ஒரு வாரம் போகட்டும்.

கேள்வி: கம்பத்தில் திராட்சைத் தோட்டத்திலேயே வீடு. நாற்பது கோழி நிற்கிறது. காவலுக்குச் சிப்பிப்பாறையா, ராஜபாளையமா, கோம்பையா?

பதில்: சிப்பிப்பாறையை முதலில் கழித்துவிடுங்கள். கண்ணில் அசைந்ததைத் துரத்திப் பிடிக்கும் முயல் வேட்டை நாய் அது. குட்டியிலிருந்து கோழியோடு வளர்ந்தாலும், ஒரு கோழி சிறகடித்து ஓடினால் பழக்கமெல்லாம் மறந்துபோகும். (விலா எலும்பு தெரிகிறதே என்று அதற்குச் சோற்றைக் கொட்டுபவர்களும் உண்டு. அதன் உடல்வாகே அப்படித்தான்.)

ராஜபாளையம் நல்ல காவல்தான். ஆனால் தூய வெள்ளையில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, காற்றோ தரை அதிர்வோ அதற்குப் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது திரும்ப வேண்டும். மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும், அதனால் தனியே பிரித்துச் சோதியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். சத்தம் வந்த திசை தெரியாமல் அது அங்குமிங்கும் தேடினால் சந்தேகப்படுங்கள். நாசி, கண்ணிமை ஓரமெல்லாம் ரோஜா நிறம் என்பதால் உச்சிவெயிலில் தோல் கன்றிவிடும். பந்தல் நிழல் உங்களிடம் இருக்கிறது, அது ஒரு வசதி.

உங்களுக்குக் கோம்பைதான் பொருத்தம். பக்கத்து ஊர் நாய், இந்த மண்ணின் வெயிலும் மழையும் பழகியது. செம்பட்டை உடம்பு, கறுத்த முகம் இருந்தாலே கோம்பை என்று விற்றுவிடுகிறார்கள். தாயையும் முடிந்தால் தகப்பனையும் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கவாத்துக்கும் அறுவடைக்கும் வெளியாட்கள் வந்துபோகும் இடம் உங்களுடையது. பதினான்கு வாரத்துக்குள் குட்டி பலவகை மனிதர்களைப் பார்த்துப் பழகிவிட வேண்டும். அந்த வயதில் கொட்டகைக்குப் பின்னால் கட்டிப்போட்டு வளர்த்தால், பிறகு வேலையாளையும் கடிக்கும். அப்போது பழியை இனத்தின் மேல் போடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: திராட்சை நாய்க்கு விஷம். பழமானாலும் உலர்ந்ததானாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தனை பழம்வரை ஆபத்தில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாய்க்கு ஒன்றும் ஆகாது, சில நாய் கொஞ்சத்துக்கே சாகும். உதிர்ந்த பழம் கிடக்கும் வரிசைகளில் குட்டியை அவிழ்த்துவிடாதீர்கள். தின்றது தெரிந்தால் வாந்திக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

கேள்வி: தென்காசியில் இரண்டாவது மாடி வாடகை வீடு. பக் வாங்கலாமா?

பதில்: சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப்பாதையே குறுகல்; சித்திரை வெயிலில் படியேறினாலே திணறும். அதே அளவில் பாமரேனியன் என்று நம் ஊரில் விற்கும் சிறிய ஸ்பிட்ஸ் மேல். குரைக்கும், அதனால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேகமலை எஸ்டேட் குடியிருப்பு. சிறுத்தை நடமாட்டம். அதை விரட்டக்கூடிய இனம் எது?

பதில்: எதுவும் இல்லை. முற்றத்தில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு இரை. எந்த இனமானாலும் இருட்டும் முன் சுவரும் கூரையும் உள்ள அறைக்குள் விட்டுக் கதவைத் தாழிடுங்கள்.

கேள்வி: புனலூர்ப் பக்கம் ஒருவர் 35 நாள் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைச் செங்கோட்டைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். முதல் ஊசி போட்டாயிற்றாம். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் குட்டியின் வயதைப் பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. அதற்கு முன் பிரித்த குட்டிக்கு விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது தெரியாது. அதைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் கற்றுத்தர வேண்டும். அவர் வருவதைவிட நீங்கள் போவது நல்லது. தாய் நடப்பதைக் கவனியுங்கள். ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாயின் பின்னங்கால் ஆட்டம் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

ஊசி போட்டதற்குச் சாட்சி, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டி மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை. குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான ஊசியை ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, பதினாறாவது வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம், பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும் பகுதி என்பதால் அதற்கான ஊசியையும் கேட்டு வாங்குங்கள். உப்பிய வயிறு பெரும்பாலும் குடற்புழு. பார்வோ தொற்றிய குட்டி சில நாள் துள்ளி விளையாடிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டில் வேறு நாய் இருந்தால் புதுக்குட்டியை அதோடு இரண்டு வாரம் சேர விடாதீர்கள்.