ஒழுகும் தளத்துக்கு பாலிசி பணம் தருமா?

வீட்டுக் காப்பீடு கேள்வி–பதில்
பதில் சொல்பவர்: ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர்

கேள்வி: எங்கள் வீடு மாமனார் கட்டியது. மரக்கட்டை பாய்ச்சிய மெட்ராஸ் ஒட்டுத் தளம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன ஐப்பசி மழையில் கூடத்துத் தளம் ஒழுகி, காரை பெயர்ந்து டிவி மேலும் பீரோ மேலும் விழுந்தது. கடன் வாங்கியபோது வங்கி போட்டுக்கொடுத்த வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஒருவர் வந்து போட்டோ எடுத்துப் போனார். பிறகு, ‘நாளடைவில் ஏற்பட்ட தேய்மானம், இழப்பீடு கிடையாது’ என்று கடிதம் வந்தது. மழையில் விழுந்ததை மழையால் விழவில்லை என்கிறார்களே! கேஸ் போடலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, ஆடிக்கொண்டிருந்த பல் முறுக்கு கடிக்கும்போது விழுந்தால் முறுக்குக் கடைக்காரரிடம் காசு கேட்க முடியுமா? கோபப்படாதீர்கள். அந்தப் போட்டோ எடுத்தவர் செய்த வேலையைத்தான் நானும் செய்து ஓய்வு பெற்றேன். அவர் என்ன பார்த்திருப்பார் என்று சொல்கிறேன், பிறகு கேஸ் போடலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வீட்டு பாலிசி, பேர் சொல்லிப் பட்டியல் போட்ட ஆபத்துகளுக்கு மட்டும்தான் பணம் தரும். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு பாலிசி வந்திருக்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், மண்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து கொட்டுவது என்று பட்டியல் நீளும். அதில் புயல் உண்டு, வெள்ளம் உண்டு. வெறும் மழை கிடையாது. வருஷா வருஷம் வருகிற மழையைத் தாங்குவது தளத்தின் வேலை, தளத்தைத் தாங்க வைப்பது வீட்டுக்காரர் வேலை என்பது அவர்கள் கணக்கு.

நம் பக்கத்து அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது காற்றுதான் ஆடியது. ஷீட் பறந்தது, மரம் சாய்ந்தது, கைப்பிடிச்சுவர் உடைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. முன்னது புயல், பின்னது வெள்ளம். இரண்டுக்கும் கேட்கலாம். மேலே இருந்து கசிந்து இறங்கிய தண்ணீர் இந்த இரண்டிலும் சேராது. காற்றோ, காற்றில் வந்து விழுந்த ஏதோ ஒன்றோ தளத்தை உடைத்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் கதையே வேறு.

சர்வேயர் உங்கள் கூடத்தில் அண்ணாந்து முதலில் தேடுவது கறையை. ஒரே மழையில் ஒழுகினால் ஒரு கறைதான் இருக்கும். வளையத்துக்குள் வளையமாகப் பழுப்பு வரி இருந்தால் பல வருஷ ஒழுகல். சுவரில் உப்புப் பூத்திருக்கும், ஓதம் ஏறியிருக்கும். புதிதாக உடைந்த இடத்தில் செங்கல் சிவப்பாகத் தெரியும், பழைய விரிசலுக்குள் கருப்பேறியிருக்கும். மாடிக்குப் போனால் கைப்பிடிச்சுவர் மூலையில் ஓர் அரசங்கன்று நிற்கும். வடசென்னையில் பழைய வீட்டுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்! போன வருஷம் ஒட்டிய தார் ஷீட்டும் பக்கத்திலேயே கிடக்கும். இவ்வளவும் போட்டோவில் பதிந்த பிறகு ‘நேற்றைய மழையில் போச்சு’ என்றால் எப்படி எழுத முடியும்? டிவிக்கும் இதே பதில்தான். வீட்டுச் சாமானுக்குக் காப்பீடு இருந்தாலும், சேதத்தின் காரணம் பட்டியலில் இருக்க வேண்டும்.

‘புயலில் போச்சு என்று எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் காற்று எவ்வளவு அடித்தது என்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் பதிவு இருக்கிறது. பொய் என்று தெரிந்தால் உள்ள பாலிசியும் போய்விடும்.

ஆனாலும் சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டு ஷீட்டோ மரக்கிளையோ வந்து விழுந்ததா? மாடித் தொட்டி உடைந்து கொட்டியதா? இதில் ஏதாவது நடந்து, ரிப்போர்ட்டில் விட்டுப்போயிருந்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர், அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை விசாரிப்பார்கள். நிறுவனம் கையை விரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் அலையாதீர்கள். அந்தப் பணம் தளத்துக்கு ஆகும்.

தளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். மெட்ராஸ் ஒட்டில் கட்டைக்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. ஓட்டுக்கு நடுவில் இருக்கும் பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் சுண்ணாம்புக்குள் இறங்கி, சுவருக்குள் நுழைந்திருக்கும் கட்டையின் நுனியில் போய் நிற்கும். அங்கேதான் முதலில் உளுத்துப்போகும், வெளியே தெரியாது. ஆகவே மேலே கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டை நுனியையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மேலே ரெண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டா ஒழுகாது’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உளுத்த கட்டை அந்தப் பாரத்தைத் தாங்காது. பழைய தட்டோடுகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே திரும்பப் போடத் தெரிந்த கொத்தனார் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் வேலையை முடியுங்கள், சுண்ணாம்பு இறுக நாள் வேண்டும்.

இன்னொன்று. கடன் முடிந்திருந்தால் வங்கி போட்ட பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தீக்கும் புயலுக்கும் அது வேண்டும்.

கேள்வி: பெரம்பூரில் மூன்று மாடி அபார்ட்மென்ட், நாங்கள் மேல் தளம். மொட்டைமாடி கசிந்து எங்கள் படுக்கையறையில் சொட்டுகிறது. ‘உங்க வீட்டுக்கு மேலதானே, நீங்களே பாருங்க’ என்கிறார்கள் கீழ்வீட்டார். என் பாலிசியில் கேட்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கேட்டாலும் வராது சார், காரணம் மேலே சொன்னதுதான். ஆனால் செலவு உங்கள் ஒருவர் தலையில் விழக்கூடாது. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. துணி காயப்போட எல்லோரும் ஏறி வருகிறார்கள் அல்லவா? சங்கத்துக்குத் தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கம்பி துருப்பிடித்துத் தெரிகிற இடத்தைப் போட்டோ எடுத்து அந்தக் கடிதத்தோடு வையுங்கள். கடல் காற்று படுகிற ஊரில் கம்பி வெளியே தெரிந்துவிட்டால் வெறும் பெயின்ட் அடித்து மூட முடியாது என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். வீடு என்னுடையதில்லை. என் சாமான்களுக்கு மட்டும் இன்சூரன்ஸ் போடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போடலாம். சாமான்களுக்கு மட்டும் என்று கேட்டு வாங்குங்கள், கட்டடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டாம். நகை இருந்தால் தனியாக எழுதிக் கொடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பில்களைப் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் அக்கா, தம்பி யாருக்காவது அனுப்பி வையுங்கள். வெள்ளம் வந்தால் பில்லும் சேர்ந்துதான் நனையும்.