இது எந்த வருட ஃபெராரி?

கேள்வி: ஃபெராரி எஃப்1 மாடல் கார்கள் சேர்க்கிறேன். பழைய பொருள் கடையில் வாங்கிய சிலவற்றுக்குப் பெட்டி இல்லை. எல்லாமே சிவப்பு, ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றின் மூக்கில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடு இருக்கிறது. செய்தவர்களின் தவறா?

பதில்: தவறே இல்லை, அசல் காரே அப்படித்தான் இருந்தது. அது 2012 கார்.

மூக்கு உயரமாக இருந்தால் அதன் அடியில் நிறையக் காற்று புகுந்து, காரின் தரைப்பலகைக்குக் கீழாகப் பின்னால் உள்ள டிஃப்யூசருக்கு (காரின் அடிப்பகுதி பின்முனையில் மேல்நோக்கிச் சரியும் இடம்) போகும். காரைத் தரையோடு அழுத்தும் விசை கூடும். அதனால் எல்லா அணிகளும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போயின. பக்கவாட்டில் மோதினால் அந்த மூக்கு அடுத்த ஓட்டுநரின் தலைமட்டத்தில் இடிக்குமே என்று பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பு 2012இல் மூக்கின் உயரத்தை 550 மி.மீ.க்குள் அடக்கியது. ஆனால் ஓட்டுநரின் கால் பகுதி இருக்கும் சேஸி (காரின் உடற்கூடு) 625 மி.மீ. வரை இருக்கலாம் என்ற விதி அப்படியே இருந்தது. அந்த 75 மி.மீ.யை யார் விட்டுக்கொடுப்பார்கள்? இரண்டு உச்சவரம்பும் சந்திக்கும் இடத்தில் படி விழுந்தது. மெக்லாரன், மாருசியா அணிகள் மட்டும் சேஸியையே தாழ்த்தி அழகாகத் தப்பித்தன. படியை ஒரு தகடு போட்டு மூடலாம் என்று 2013இல் அனுமதி வந்தது, ஃபெராரியும் மூடிவிட்டது.

2014இல் மூக்கு நுனியை 185 மி.மீ.க்கு இறக்கச் சொன்னார்கள். பல அணிகள் நுனியை மட்டும் ஒல்லியாகக் கீழே நீட்டி, மீதியை மேலேயே வைத்துக்கொண்டன. ஃபெராரி அகலமாகத் தட்டையாக்கியது. வாக்யூம் கிளீனரின் வாய் போல ஒரு மூக்கு உங்களிடம் இருந்தால் அது 2014இன் எஃப்14 டி. எனக்கு அது பிடிக்கும், என்னோடு ஒத்துப்போகிறவர் குறைவு.

மற்றவற்றுக்கு முதலில் டயரைப் பாருங்கள். நீளவாக்கில் பள்ளக்கோடுகள் இருந்தால் 1998 முதல் 2008 வரை. உடம்பெல்லாம் குட்டிக் குட்டிச் சிறகுகள் முளைத்திருந்தால் அந்தக் காலத்தின் கடைசி வருடங்கள். முந்திச் செல்வது எளிதாகட்டும் என்று 2009இல் அவற்றைத் துடைத்தெடுத்தார்கள். பின் விங் ஒடுங்கி உயர்ந்தது, முன் விங் அகன்றது. 2017இல் கார் 2 மீட்டர் அகலமாகி, பின் விங் தாழ்ந்து விரிந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ வளையம் இருந்தால் 2018 அல்லது அதற்குப் பிறகு. மூடிய பெரிய 18 அங்குலச் சக்கரம் என்றால் 2022இலிருந்து.

மலிவான பொம்மைகளில் கையில் கிடைத்த டயரை மாட்டிவிடுவார்கள். அவற்றில் டயரை நம்பாமல் பின் விங்கையும் மூக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.