ரெண்டு மொழியும் கதைக்கிற கைட் யாரு?

கேள்வி: நிலாவெளியில அண்ணாட போட் சேர்விஸுக்கு நான்தான் கணக்கு பாக்கிறன். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பாக்கவும் ஆக்களைக் கூட்டிட்டுப் போற கைட்மார்ட விவரமெல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல இருக்கு. கைட்டுக்கு ஒரு டேபிள், மொழிக்கு ஒரு டேபிள், யாருக்கு எந்த மொழி தெரியும் எண்டு நடுவுல ஒண்டு. இங்கிலீஷும் ஜெர்மனும் கதைக்கிற ஆள் வேணுமெண்டு வேர் (WHERE) கண்டிஷன்ல ரெண்டையும் அண்ட் (AND) போட்டுக் குடுத்தா ஒருத்தரும் வரேல்ல, ஆனா அப்பிடி ஆக்கள் எங்களிட்ட இருக்கிறாங்க. ஆர் (OR) போட்டா ஒண்டு மட்டும் தெரிஞ்சவங்களும் வாறாங்க, சிலர்ட பேர் ரெண்டு தரம் வருது. என்ன செய்யிறது?
- வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, நடுவுல தனி டேபிள் வச்சீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கைட் டேபிள்லயே ஒரு கொலத்துல கமா போட்டு மொழிகளை அடுக்கியிருந்தா இதுக்குப் பதில் எடுக்கிறது பெரும்பாடு.

வேர் கண்டிஷன் ஒரு நேரத்துல ஒரு ரோவைத்தான் பாக்கும். நடு டேபிள்ல ஒரு ரோவுக்கு ஒரு மொழிதான், அது இங்கிலீஷா இருந்தா ஜெர்மனா இருக்க ஏலாது, அதான் அண்ட் போட்டா வெறுமையா வருது. நீங்க கேக்கிறது ஒரு ரோவைப் பத்தி இல்ல, ஒரு ஆளுக்குச் சொந்தமான எல்லா ரோவையும் பத்தி. அதால ஆர் போட்டதை அப்பிடியே விடுங்க, இல்லாட்டி இன் (IN) போட்டு ரெண்டு மொழியையும் குடுங்க, பிறகு ஒரு ஆள்ட ரோவெல்லாம் ஒண்டா சேர கைட் ஐடில குரூப் பை (GROUP BY), அதுக்குக் கீழ ஹேவிங் கவுண்ட் டிஸ்டிங்க்ட் மொழி ஐடி சமன் 2, அதாவது HAVING COUNT(DISTINCT மொழி ஐடி) = 2. அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் 8.0.31லயிருந்து ரெண்டு பட்டியல்லயும் இருக்கிறவங்களை மட்டும் எடுக்கிற இன்டர்செக்ட்டும் இருக்கு, ஆனா எனக்கு குரூப் பைதான் பிடிக்கும், நாளைக்கு பிரெஞ்சும் வேணுமெண்டா மொழியைச் சேர்த்து 2ஐ 3 ஆக்கினாப் போதும்.

டிஸ்டிங்க்ட் ஏனெண்டா, ஒரே ஆளுக்கு ஒரே மொழியை தெரியாம ரெண்டு தரம் பதிஞ்சிருந்தா எண்ணிக்கை பிழைச்சிடும். அதைவிட நல்லது, கைட் ஐடியையும் மொழி ஐடியையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கிடுங்க, ரெண்டாம் தரம் பதியவே விடாது. மொழியை முன்னுக்கு வச்சு இன்னொரு இண்டெக்ஸும் போடுங்க, மொழியைக் குடுத்து ஆளைத் தேடுறதுக்கு அது வேணும்.

இனி ஜெர்மன் தெரியாதவங்க யாரெண்டு கேப்பீங்க. அதுக்கு 'ஜெர்மன் இல்ல' எண்டு வேர்ல போட்டா தமிழும் ஜெர்மனும் தெரிஞ்சவரும் வந்திடுவார், அவர்ட தமிழ் ரோ பாஸ் ஆகிடுதே. அந்த ஆளுக்கு ஜெர்மன் ரோ ஒண்டும் இல்லையா எண்டு பாக்கிற நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) பாவிங்க. நாட் இன் (NOT IN) போட்டாலும் வேலை செய்யும்தான், ஆனா உள் குவெரில வெறுமையான பெறுமதி (NULL) ஒண்டு வந்தாலும் ஒருத்தரும் வரமாட்டாங்க. டேபிள்ல இருக்கிற எல்லா மொழியும் தெரிஞ்சவர் வேணுமெண்டா, மொழி கண்டிஷனை எடுத்திட்டு அந்த 2க்குப் பதிலா மொழி டேபிள்ட மொத்த எண்ணிக்கையைக் குடுங்க. தரவை டேபிள் டேபிளா வைக்கிற ரிலேஷனல் மாடலை 1970ல எழுதின ஐபிஎம் எட்கார் கோட் இந்த மாதிரிக் கேள்விக்கு டிவிஷன் எண்டு பேர் வச்சார்.

நீங்க கேக்காத ஒண்டு, ஆனா கணக்கு பாக்கிற உங்களுக்கு இதுதான் முக்கியம். மொழி டேபிளையும், யார் எந்தப் பயணம் போனார், எவ்வளவு சம்பளம் எண்டு பதியிற பயண டேபிளையும் ஒரே குவெரில கைட்டோட ஜாயின் பண்ணி சம்பளத்தைக் கூட்டாதீங்க. 3 மொழி தெரிஞ்ச ஒருத்தர் 20 பயணம் போயிருந்தா 60 ரோ வரும், சம்பளம் மூண்டு மடங்கா நிக்கும், எரர் ஒண்டும் காட்டாது. டிஸ்டிங்க்ட் போட்டுச் சமாளிக்கலாமெண்டு நினைக்காதீங்க, ரெண்டு பயணத்துக்கு ஒரே தொகை குடுத்திருந்தா அதுல ஒண்டு காணாமப் போயிடும். பயணக் காசை மட்டும் தனிக் குவெரில கைட் வாரியா கூட்டி எடுத்து, அந்த முடிவை கைட்டோட சேருங்க, மொழிப் பக்கத்தை எக்ஸிஸ்ட்ஸ் வச்சே கேளுங்க, அதுக்கு ஜாயின் வேணாம். சீசன் முடிஞ்சு காசு பிரிக்க முதல் பயண டேபிள்ட மொத்தத்தை ஒரு ஜாயினும் இல்லாம ஒருக்கா எடுத்து, உங்கட ரிப்போர்ட்டோட ஒத்துப் பாருங்க.