ஒட்டுறவுக் கெழு 0.83 வந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டதா?

பல கிளைகளின் 36 மாத விளம்பரச் செலவையும் விற்பனையையும் மொத்தமாகக் கூட்டி ஒப்பிட்டபோது, இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு (correlation coefficient, அதன் உச்சம் 1) 0.83 வந்தது என்றும், நீங்கள் பார்த்த 15 காரணிகளில் இதுவே மிக அதிகம் என்றும் சொல்லி, "விளம்பரமே விற்பனையை உயர்த்தியது" என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கணக்கில் நான் பிழை காணவில்லை. அந்த எண்ணால் தாங்க முடியாத சுமையை அந்த வாக்கியம் அதன்மேல் ஏற்றுகிறது.

புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை மட்டுமே ஒட்டுறவுக் கெழு அளக்கிறது. 0.83 என்பதை 83 விழுக்காடு தொடர்பு என்று படிப்பவர்கள் உண்டு, அது சரியல்ல. அதன் இருபடியான 0.69-தான், விற்பனையின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு அந்த நேர்கோட்டில் அடங்குகிறது என்பதைக் காட்டும். புள்ளிகளை வரைந்து பார்க்காமல் இந்த எண்ணை நம்பவே கூடாது. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ல் 11 புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் ஒட்டுறவு ஏறத்தாழ 0.816, சராசரிகளும் ஒன்றே. வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று தெளிவான வளைவு, மூன்றாவது ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கும் நேர்கோடு. நான்காவதிலோ, தனித்து நிற்கும் ஒரு புள்ளியை நீக்கிவிட்டால் ஒட்டுறவைக் கணக்கிடவே வழியில்லை.

உங்கள் தரவில் எனக்கு மிகுந்த ஐயம் தருவது காலம். இரண்டு அளவுகள் வெவ்வேறு காரணங்களால் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வந்தாலும் அவற்றுக்கிடையே உயர்ந்த ஒட்டுறவு வந்துவிடும். புள்ளியியலாளர் உட்னி யூல் 1926-ல் வெளியிட்ட கட்டுரையில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களின் விகிதத்தையும் இறப்பு விகிதத்தையும் ஒப்பிட்டார், ஒட்டுறவு 0.95 வந்தது. திருமண முறை மாறியதால் மக்கள் நெடுநாள் வாழத் தொடங்கினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் அந்தக் காலம் முழுவதும் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான். பணியின் தொடக்கக் காலத்தில் நானும் இப்படிப்பட்ட ஓர் ஒட்டுறவை நம்பி அறிக்கை எழுதினேன். மூத்தவர் ஒருவர் மாதத்துக்கு மாதம் ஏற்பட்ட மாற்றங்களை மட்டும் எடுத்து மறுபடியும் கணக்கிடச் சொன்னபோது, 0.9-க்கு மேல் இருந்த எண் ஏறக்குறையச் சுழியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் காலத்தொடரையும் (கால வரிசையில் அமைந்த தரவையும்) அந்தச் சோதனை இல்லாமல் நான் ஏற்பதில்லை. நீங்கள் ஒவ்வொரு மாத மதிப்பிலிருந்தும் முந்தைய ஆண்டின் அதே மாத மதிப்பைக் கழித்துப் பாருங்கள். பருவகால ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் விலகிவிடும். எஞ்சுவது 24 புள்ளிகள்தான் என்றாலும் அவை உண்மைக்கு அருகில் நிற்கும்.

அடுத்தது திசை. பல நிறுவனங்கள் விற்பனையில் இத்தனை விழுக்காடு என்றுதான் விளம்பரத்துக்கு ஒதுக்குகின்றன. அப்படியானால் விற்பனை கூடியதால் விளம்பரச் செலவு கூடியிருக்கிறது. அப்போதும் கெழு அதே 0.83-தான். நிதி ஒதுக்குபவரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எந்தக் கணக்கையும்விட அது பயன்படும்.

15 காரணிகளில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் அறிக்கையில் மறைக்காதீர்கள். ஒன்றையொன்று சாராத 15 காரணிகளுக்கும் விற்பனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 5 விழுக்காடு பொருள்காண் மட்டத்தில் (அதாவது, தொடர்பே இல்லாத ஒரு காரணி தற்செயலாகத் தேறிவிட 5 விழுக்காடு வாய்ப்பை ஏற்கும் வரம்பில்) ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு.

கிளைகளை ஒன்றாகக் கூட்டியதும் கவலை தருகிறது. சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றி 1986-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் திறந்த அறுவையின் வெற்றி 78 விழுக்காடு, சிறு துளை வழியே கல்லை எடுக்கும் முறையின் வெற்றி 83 விழுக்காடு. கல்லின் அளவைப் பிரித்துப் பார்த்தால், சிறிய கற்களில் 93-க்கு 87, பெரிய கற்களில் 73-க்கு 69 என இரண்டிலும் திறந்த அறுவையே மேல். கடினமான பெரிய கற்கள் அதன் பங்கில் அதிகமாக வந்ததால் மொத்தக் கணக்கு தலைகீழானது. ஒவ்வொரு கிளையையும் தனியாக வரைந்து பாருங்கள். மொத்தத்தில் தெரியும் உறவு கிளைக்குள் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

இதனால் ஒட்டுறவே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950-ல் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இடையே கண்டதும் தொடர்புதான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மரபணுக் காரணம் இருக்கலாம் என்று ரொனால்ட் ஃபிஷர் போன்ற புள்ளியியல் மேதையே எதிர்த்தார். ஆனால் புகைத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. புகைப்பதை விட்டவர்களுக்கு அது குறைந்தது. தனித்தனியே நடந்த ஆய்வுகள் அதையே காட்டின. அந்தச் சான்றுகள் சேர்ந்துதான் காரணத்தை நிலைநாட்டின.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: "36 மாதங்களில் விளம்பரச் செலவும் விற்பனையும் சேர்ந்தே உயர்ந்துள்ளன, 15 காரணிகளை ஒப்பிட்டதில் இதுவே அதிகம், இது காரணத் தொடர்பா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை." சோதிக்க நிர்வாகம் இசைந்தால், சீட்டுக் குலுக்கிச் சில கிளைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் சில மாதங்களுக்கு விளம்பரத்தை நிறுத்தி, மற்ற கிளைகளோடு விற்பனையை ஒப்பிடச் சொல்லுங்கள்.