சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கணுக்காலில் ஊசியா?

கேள்வி: எனக்கு வயது 58. சிறுநீர் வந்தால் அடக்கவே முடியவில்லை. கழிவறைக்குப் போவதற்குள் கசிந்துவிடுகிறது. எம்ஆர்டி ரயிலில் ஏறவே பயமாக இருக்கிறது. மாத்திரை போட்டால் வாய் வறண்டு மலச்சிக்கல் வருகிறது. கணுக்காலில் ஊசி குத்தி மின்சாரம் செலுத்தலாம் என்கிறார் மருத்துவர். ஷாக் அடிக்காதா? கோளாறு ஓரிடம், வைத்தியம் ஓரிடமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஷாக் அடிக்காதம்மா. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி அது. ஊசியும் சீன வைத்தியர்கள் குத்துவார்களே, அந்த அளவு மெல்லியதுதான். உள்கணுக்காலுக்கு மூன்று விரற்கடை மேலே குத்துவார்கள். பாதம் விறுவிறுக்கும், அல்லது கட்டைவிரல் தானாக மடங்கும். அப்படி நடந்தால் சரியான நரம்பு கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஏன் கால்? அந்த நரம்புக்கும் சிறுநீர்ப்பை நரம்புகளுக்கும் அடிமுதுகில் பொதுவான வேர்கள் உண்டு. பை நிரம்பும் முன்பே சுருங்கத் துடிப்பதைக் காலிலிருந்து மேலே போகும் மின்துடிப்புகள் மட்டுப்படுத்துகின்றன.

வாரம் ஒருமுறை, 30 நிமிடம், மொத்தம் 12 வாரம். முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். பலன் தெரிந்தால் பிறகு மாதம் ஒருமுறை போல் தொடரவேண்டி வரும். எல்லாருக்கும் முழுக்கக் குணமாகாது. ஆனால் அவசரமும் கசிவும் பாதியாகக் குறைந்தாலே வெளியே போய்வரத் தைரியம் வந்துவிடும். பக்கவிளைவு என்று பார்த்தால் ஊசி குத்திய இடத்தில் லேசான வலி, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவே. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன், ரத்தச் சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்ற ஸ்கேன் மூன்றும் பார்த்தாகிவிட்டதா? சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஊசி மட்டும் என்ன செய்யும்? மூன்று நாளைக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள் என்று எழுதி வையுங்கள். கோப்பிக்கடைத் தேநீரையும் கணக்கில் சேர்க்கவேண்டும், மறைக்கக் கூடாது! சிறுநீரை அடக்குவதுபோல் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை நிபுணரைப் பார்த்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். இணையத்தில் விற்கும் மின்கருவிகளை வாங்கி நீங்களாகக் காலில் ஒட்டிப் பார்க்காதீர்கள்.

கணுக்கால் சிகிச்சை பலிக்கவில்லையென்றால், அடிமுதுகு நரம்பருகே சிறு கருவியைப் பொருத்தும் முறை இருக்கிறது. முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, பலன் தெரிந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள்.

சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ முன்பதிவு நாள்வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.